‘ஒண்ணுமில்ல’ என்று சொல்வதற்கு முன்

சின்னக் குழந்தைக்கு ஆபரேஷன் என்று தேதி குறித்த வீட்டில் அன்றிலிருந்து அதிகம் புழங்கும் சொல் ‘ஒண்ணுமில்ல’ என்பதாகத்தான் இருக்கும். மருத்துவர் அப்பாவிடம் சொல்வார்: “ஒண்ணுமில்ல சார், சின்ன ஆபரேஷன், அரை மணி நேரம், சாயந்திரம் வீட்டுக்குப் போயிடலாம்.” அப்பா அதை அம்மாவிடம் சொல்வார். அம்மா, ஊரிலிருந்து போனில் அழுகிற தன் அம்மாவிடம் சொல்வார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து, யாருக்கு ஆபரேஷனோ அந்த இரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்வார்கள்: “ஒண்ணுமில்லடா கண்ணு, டாக்டர் மாமா சாக்லேட் குடுப்பாங்க.” கைமாறக் கைமாற அந்தச் சொல்லில் இருந்த கொஞ்சநஞ்ச உண்மையும் கரைந்து, குழந்தையிடம் வந்து சேரும்போது அது சுத்தமான பொய்யாகிவிடுகிறது. அன்பில் சொல்கிற பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல் ஆறுதல் தருவது சொல்கிறவருக்கு மட்டுமே. கேட்கிறவருக்கு, அது இரண்டு வயதுக் குழந்தையானாலும் முப்பது வயது அம்மாவானாலும், ஆறுதல் தருவது என்ன நடக்கப்போகிறது என்ற விவரம். இதுதான் என் கட்சி. காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

பேச்சுக்கு ஓர் ஆபரேஷனை எடுத்துக்கொள்வோம். கவட்டில் வரும் குடலிறக்கம். எல்லோர் வாயிலும் ஹெர்னியா. ஆண் சிசுவின் விதைகள் முதலில் உருவாவது வயிற்றுக்குள்ளே. பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் அவை கவட்டு வழியாக விதைப்பைக்கு இறங்கும். அப்போது வயிற்றின் உட்சவ்வும் கையுறையின் விரல் போல ஒரு சின்னப் பையாகக் கூடவே இழுபட்டு வரும். இறங்கி முடிந்ததும் அந்தப் பை தூர்ந்துவிட வேண்டும். தூராமல் வாய் திறந்தே இருந்தால், குழந்தை அழும்போதும் முக்கும்போதும் குடல் அதற்குள் சரிந்து கவட்டில் புடைக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு இது அதிகம். பெண் பிள்ளைகளுக்கும் வரும், ஆனால் ஆண் பிள்ளைகளுக்குப் பல மடங்கு. இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் கூடுதல். தொப்புளில் வரும் புடைப்பு வேறு சங்கதி. அதில் பெரும்பாலானவை நான்கைந்து வயதுக்குள் தாமாகவே மூடிக்கொள்ளும். தொப்புள்மேல் நாணயத்தை வைத்துக் கட்டிய பாட்டிமார்கள் எல்லோரும் கைராசிக்காரர்கள் ஆனது இப்படித்தான். கவட்டில் வருவது அப்படி மூடாது. நாணயம், பெல்ட், எண்ணெய் எதுவும் செல்லுபடியாகாது. தள்ளிப்போட்டால் ஒருநாள் குடல் உள்ளே போய் மாட்டிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று, நள்ளிரவில் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிவரலாம். ஆபரேஷன் என்று பார்த்தால் தோல் மடிப்பில் ஒரு சின்ன வெட்டு. பையைப் பிரித்து, அதன் கழுத்தில் முடிச்சுப் போட்டு, மிச்சத்தை நீக்குவது. பெரியவர்களுக்கு வைக்கிற வலை இதில் இல்லை.

இந்த ஒரு பத்தியை வாய்விட்டுச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். கேட்டு முடித்த பெற்றோருக்கு, புடைப்பு ஏன் வருகிறது, ஏன் காத்திருக்கக்கூடாது, கத்தி எங்கே படும், உள்ளே என்ன செய்வார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. ‘நான் தூக்காமல் அழவிட்டதால் வந்துவிட்டதோ’ என்று அம்மாவின் ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த குற்ற உணர்வும் போய்விடுகிறது, ஏனென்றால் பை திறந்திருந்தது பிறவியிலேயே. ‘ஒண்ணுமில்ல’ இதில் எதைத் தருகிறது? மேலே கேள்வி கேட்க விடாமல் கதவைச் சாத்துகிறது, அவ்வளவே. 2008 ஜனவரியில் சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், நோயாளி தரும் சம்மதம் செல்லவேண்டுமானால் என்ன சிகிச்சை, எதற்காக, வேறு வழி உண்டா, என்ன ஆபத்து என்ற விவரங்களைப் போதுமான அளவு சொல்லியிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குழந்தைக்காகக் கையெழுத்துப் போடுவது பெற்றோர். அந்த விவரமெல்லாம் அவர்களுக்கு வர வேண்டியது. ‘ஒண்ணுமில்ல, இங்க ஒரு கையெழுத்து’ என்பது மருத்துவமனை வழக்கமாக இருக்கலாம், சம்மதம் ஆகாது.

பெற்றோர் உண்மையில் பயப்படுவது கத்திக்கு இல்லை, மயக்க மருந்துக்கு. ‘மூளை பாதிக்குமா?’ என்று கேட்க வாய் வராமல் கூகுளில் தேடி, விடிய விடிய விழித்திருப்பவர்கள் அனேகம். இங்கேதான் ‘ஒண்ணுமில்ல’ படுதோல்வி அடைகிறது, ஏனென்றால் தேடினால் ஏதோ ஒன்று கிடைத்துவிடும். 2016 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து தருவது வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்று எச்சரித்தது. தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஆபரேஷனை ரத்து செய்யத் துணிகிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது முழு விவரத்தை. இதே ஹெர்னியா ஆபரேஷனை வைத்தே 7 நாடுகளில் 28 மருத்துவமனைகளில் 722 கைக்குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு முழு மயக்கம், மீதிப் பேருக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும் ஊசி. முழு மயக்கம் தரப்பட்டவர்கள் அதில் இருந்தது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. இரண்டு வயதில் சோதித்தார்கள், 2016இல் முடிவு வந்தது. ஐந்து வயதில் மறுபடி சோதித்தார்கள், 2019இல் வந்தது. இரண்டு முறையும் இரு குழுக்களின் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. ஒரே தடவை, குறுகிய நேரம் என்றால் அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. இதைச் சொல்கிற மருத்துவரைத்தான் அம்மா நம்புவார். விவரம் சொன்னால் பெற்றோர் பயந்துவிடுவார்கள் என்கிற வாதத்துக்கும் இதையே பதிலாக வைக்கலாம். அவர்கள் ஏற்கெனவே பயந்துதான் இருக்கிறார்கள். விவரம் அந்தப் பயத்துக்கு ஓர் எல்லை போட்டுக் கொடுக்கிறது.

இனி குழந்தை. ‘ரெண்டு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்?’ என்பதுதான் எல்லா வீட்டிலும் முதலில் எழும் ஆட்சேபம். லண்டன் டாவிஸ்டாக் மருத்துவ மையத்தில் வேலை செய்த ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் எடுத்த ஆவணப்படம் ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. இரண்டு வயது ஐந்து மாதச் சிறுமி தொப்புள் ஹெர்னியா ஆபரேஷனுக்காக 8 நாள் மருத்துவமனையில் இருக்கிறாள். அன்றைய வழக்கப்படி பெற்றோர் அவ்வப்போது வந்து பார்க்கலாம், உடன் தங்க முடியாது. வேண்டுமென்றே அழுகைக் காட்சிகளாகப் பொறுக்கி எடுத்தார் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக, தினமும் குறித்த நேரத்தில், சுவர்க்கடிகாரம் தெரியும்படி படம் பிடித்தார். அந்தச் சிறுமி ஓயாமல் அழுதுகொண்டு கிடக்கவில்லை. வயதுக்கு மீறி அடக்கிக்கொள்கிற பிள்ளை. நடுநடுவே அம்மா எங்கே என்று மட்டும் கேட்பாள். நாட்கள் போகப்போக, அம்மா வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். அந்தக் காலத்துச் செவிலியர்களும் மருத்துவர்களும் இப்படி அமைதியான குழந்தைகளைப் பார்த்துப் ‘பழகிவிட்டது’ என்று திருப்திப்பட்டார்கள். பழகவில்லை, நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டது என்றார் ராபர்ட்சன். அந்த ஆண்டே லண்டனில் மருத்துவர்கள் கூடிய சபையில் படம் திரையிடப்பட்டபோது அவரை ஒரு பிடி பிடித்தார்கள். ஆனால் ஏழே ஆண்டில், 1959இல், பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், சிறு குழந்தைகளோடு அம்மா தங்கவும் வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்றைக்கு உலகெங்கும் குழந்தைகள் வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா இருப்பதற்குப் பின்னால் ஒரு ‘சின்ன’ ஆபரேஷனுக்குப் போன ஒரு சிறுமியின் முகம் இருக்கிறது. சொல்லத் தெரியாத குழந்தைக்கு எதுவும் தெரியாது என்று நினைப்பது பெரியவர்களின் வசதி.

அந்த வசதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது, நரம்பு மண்டலம் இன்னும் முதிரவில்லை என்ற நம்பிக்கை 1980கள் வரை மருத்துவ உலகிலேயே இருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு அசையாமல் இருக்கத் தசைத் தளர்ச்சி மருந்து கொடுத்து, வலி மருந்து மிகக் குறைவாகவோ இல்லாமலோ அறுவை செய்வது அப்போது வழக்கம். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த், வலி மருந்து கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் ஒப்பிட்டு, வலி மருந்து பெற்றவர்களின் உடல் ஆபரேஷனை எவ்வளவு நன்றாகத் தாங்குகிறது என்று 1987இல் காட்டிய பிறகுதான் அந்தப் பழக்கம் மாறத் தொடங்கியது. படித்த நிபுணர்களே ‘ஒண்ணுமில்ல’ என்று நம்பியிருந்தார்கள். குழந்தை எதிர்த்துப் பேசாது, அதுதான் காரணம்.

சரி, ‘ஒண்ணுமில்ல’ என்று சொன்னால்தான் என்ன கெட்டுப்போகிறது? குழந்தை அந்தச் சொல்லைக் கேட்பதில்லை, அதைச் சொல்கிற குரலைக் கேட்கிறது. வழக்கமாக ‘அங்கே போகாதே, அதை எடுக்காதே’ என்று அதட்டுகிற அம்மா திடீரென்று குரலைத் தாழ்த்தி, கன்னத்தைத் தடவி ‘ஒண்ணுமில்லடா’ என்றால், ஏதோ இருக்கிறது என்று அதற்குப் புரிந்துவிடுகிறது. ஊசி, மயக்கம் போன்ற நேரங்களில் பெரியவர்கள் பேசுவதைப் பதிவுசெய்து ஆராய்ந்தவர்கள் தொடர்ந்து கண்ட விஷயம் இது: திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஆறுதலும் குழந்தையின் கலக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. அழுகிற பிள்ளையிடம்தானே ஆறுதல் சொல்வோம், எது முதலில் என்று எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கவனத்தை வேறு பக்கம் திருப்புகிற பேச்சோடு இப்படி ஒரு தொடர்பு காணப்படவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் ஸீவ் கெய்ன் என்ற மயக்கவியல் மருத்துவரின் குழு இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 1996இல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரத்தில் 54 சதவீதக் குழந்தைகளிடம் ராத்திரி அலறல், ஒட்டிக்கொண்டு பிரியாமை, சாப்பாட்டில் அடம் போன்ற மாற்றங்கள் தெரிந்தன. ஆறு மாதம் கழித்தும் 20 சதவீதக் குழந்தைகளிடம் அவை போகவில்லை. 2007இல் அதே குழு 408 குழந்தைகளையும் பெற்றோரையும் கொண்டு, குடும்பத்தையே தயார்செய்கிற ஒரு திட்டத்தைச் சோதித்தது. அதற்கு அவர்கள் வைத்த ஆங்கிலப் பெயரான ‘அட்வான்ஸ்’ என்பதில் ஒவ்வோர் எழுத்தும் பெற்றோருக்கு ஒரு பாடம். ஐந்தாவது எழுத்து சொல்வது: அளவுக்கு மீறி ஆறுதல் சொல்லாதே. விளையாட்டில் கவனத்தைத் திருப்பு, முகமூடியை வீட்டிலேயே காட்டிப் பழக்கு, கூடவே இரு என்பவையெல்லாம் மற்ற எழுத்துகள். பலன்? மயக்கம் கொடுக்கும் நேரத்தில் இந்தக் குழந்தைகளின் பதற்றம், பதற்றம் தணிக்கும் மருந்து வாங்கிய குழந்தைகளின் அளவுக்கே இருந்தது. விழிக்கும்போது குழப்பம் குறைவு, வலி மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது.

இதற்கு மேல் நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மருத்துவரையும் ஊசியையும் நாம் வருஷம் முழுக்கப் பூச்சாண்டியாக வைத்திருக்கிறோம். சோறு இறங்கவில்லையா, ‘டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்.’ தூங்கவில்லையா, அதே ஊசி. வெள்ளைக் கோட்டைக் காட்டிப் பயமுறுத்தியே ஒரு கிண்ணம் பருப்புச் சாதத்தை ஊட்டி முடிக்கிறோம். அப்படிப் பயமுறுத்திய அதே வாய், ஆபரேஷன் அன்றைக்கு ‘டாக்டர் மாமா ரொம்ப நல்லவங்க, ஊசியே போட மாட்டாங்க’ என்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா? பத்து நிமிடத்தில் கையில் ஊசி ஏறும்போது எது பொய் என்பதும் தெரிந்துவிடும். இதற்கு நேர்மாறாக நாமே செய்கிற ஒரு காரியத்தை யோசித்துப் பாருங்கள்: காதுகுத்து. அதுவும் ஒருவகையில் சின்ன ஆபரேஷன்தான், அதுவும் மரப்பு மருந்து இல்லாமல். ஆனால் அதை ஒளித்து வைப்பதில்லை. ஊரைக் கூட்டி, மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார்த்தி, எல்லோரும் பார்க்கச் செய்கிறோம். குழந்தை வீறிட்டு அழும். ஆனால் அழும்போது அது இருப்பது தெரிந்த மடியில், முடிந்ததும் போவது அம்மாவின் தோளுக்கு. வலிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மரப்பு மருந்தில்லாத காதுகுத்தை மெச்சவும் இல்லை. மடியின் அருமை நமக்குத் தெரியாததல்ல என்று மட்டும் சொல்கிறேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மட்டும் ஏனோ அதை மறந்துவிட்டு, ‘அங்க பாரு காக்கா’ என்று பிள்ளையின் கவனத்தைத் திருப்பி, அந்த நொடியில் நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு நழுவுகிறோம். திரும்பிப் பார்க்கும்போது அம்மா இல்லை. சொல்லிவிட்டுப் பிரிந்தால் அழும், உண்மை. சொல்லாமல் பிரிந்தால் அடுத்த மாதம் அம்மா குளியலறைக்குப் போனாலும் அழும்.

முன்கூட்டிச் சொன்னால் பயம் முன்கூட்டியே வந்துவிடாதா? இந்த ஆட்சேபத்தில் சாரம் இருக்கிறது. மிகச் சின்னக் குழந்தைகளுக்கு விரிவாக விளக்குவதும், தியேட்டரைச் சுற்றிக் காட்டுவதும் பெரிதாக உதவுவதில்லை, சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டவும் செய்கிறது என்று மேலே சொன்ன யேல் குழுவின் ஆய்வுகளே காட்டுகின்றன. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரம் முன்பே சொல்லலாம். இரண்டு வயதுக்கு ஒரு வாரம் என்பது எண்ணிப் பார்க்க முடியாத காலம். ஆகவே முந்தின நாள் போதும், நான்கு வாக்கியம் போதும். ‘நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். உன் வயித்துக்குக் கீழ புடைக்குதுல்ல, அதை டாக்டர் சரி பண்ணுவாங்க. மூக்குல ஒரு மூடி வெப்பாங்க, நீ தூங்கிடுவ. எந்திரிக்கும்போது அம்மா இருப்பேன், கொஞ்சம் வலிக்கும், மருந்து தருவேன்.’ இதில் பொய் ஒன்றும் இல்லை, மிரட்டலும் இல்லை. பொம்மைக்கு ஒரு கிண்ணத்தை மூக்கில் வைத்து விளையாடிக் காட்டினால் இன்னும் நல்லது. அரைஞாண் கயிற்றைக் கழற்றப்போவதையும், காப்பு, கொலுசு, தாயத்து எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைப்பதையும் அன்றைக்கே சொல்லிவிடலாம். பெரியவர்களுக்கு அது சடங்குச் சிக்கல். பிள்ளைக்குத் தன் உடம்பிலிருந்து எதையோ பிடுங்குகிறார்கள் என்ற அதிர்ச்சி. வெட்டுப்படும் இடத்துக்கு மேலேயே அந்தக் கயிறு கிடக்கிறது, வேறு வழியில்லை.

இன்னொரு ஆட்சேபம் கெட்டிக்காரத்தனமானது. ‘மிடாசோலம் கொடுத்துவிட்டால் எல்லாம் மறந்துவிடும், எதற்கு இவ்வளவு பாடு?’ மேலே சொன்ன பதற்றம் தணிக்கும் மருந்துதான் மிடாசோலம், நல்ல மருந்து. 1998இல் கெய்ன் குழுவே, தியேட்டருக்குள் பெற்றோர் கூட நிற்பதைவிட அந்த மருந்து குழந்தையின் பதற்றத்தை நன்றாகக் குறைக்கிறது என்று காட்டியது. நடுங்குகிற அப்பா உள்ளே போய் நின்றால் குழந்தைக்கு உபயோகமில்லை என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த மருந்து மறக்கடிப்பது அதைக் குடித்த பிறகு நடப்பதை. அதற்கு முன் வீட்டில், காரில், வரவேற்பறையில் நாம் சொன்ன பொய்யை அது அழிக்காது. தையலைப் பார்க்க ஒரு வாரம் கழித்து அதே மருத்துவமனைக்குப் போகும்போது அம்மா சொல்லப்போகும் ‘இன்னிக்கு சும்மா பாக்கத்தான் போறோம்’ என்ற உண்மையை அந்தப் பிள்ளை நம்ப வேண்டாமா?

‘ஒண்ணுமில்ல’ வெறும் மனச்சங்கடத்தோடு நிற்காமல் உயிருக்கே ஆபத்தாக மாறும் இடம் ஒன்று இருக்கிறது: பட்டினி. மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் விபரீதம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் மெண்டல்சன் 1946இல் இதை விவரித்ததிலிருந்து, ஆபரேஷனுக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. ஏன் என்று விளக்காமல் ‘காலைல எதுவும் குடுக்காதீங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன ஆகும்? பிள்ளை பசியில் துடிப்பதைப் பொறுக்காமல், ‘சின்ன ஆபரேஷன்தானே, ஒண்ணுமில்ல’ என்று பாட்டியோ சித்தியோ மறைவாக அரை பிஸ்கட்டை ஊட்டிவிடுவார்கள். பாட்டியைத் திட்டிப் பயனில்லை. அவருக்குச் சொல்லப்பட்ட சொல்லைத்தான் அவர் நம்பினார். இதற்கு மறுபக்கமும் உண்டு. காரணம் தெரியாத பயத்தில், முந்தின இரவு எட்டு மணிக்கே எல்லாவற்றையும் நிறுத்தி, மதியம் நடக்கிற ஆபரேஷனுக்குப் பதினாறு மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிள்ளையைக் காயப்போடுவது. எந்த வழிகாட்டுதலும் இதைக் கேட்கவில்லை. பரவலாக உள்ள கணக்கு 6-4-2: லேசான உணவுக்கும் பசும்பாலுக்கும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு, தண்ணீர் போன்ற தெளிந்த பானத்துக்கு இரண்டு. 2018இல் ஐரோப்பியக் குழந்தை மயக்கவியல் சங்கங்கள் சேர்ந்து தண்ணீருக்கு ஒரு மணி நேரம் போதும் என்றன. 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதை உறுதிசெய்து, தாய்ப்பாலுக்கு மூன்று மணி நேரம் என்றது. தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், சக்கையில்லாத ஆப்பிள் சாறு தெளிந்தவை. பால், கஞ்சி, ராகிக்கூழ், ஹார்லிக்ஸ் தெளிந்தவை ஆகா. உங்கள் மருத்துவமனை ஒரு மணி நேரக் கணக்கை ஏற்காமல் இருக்கலாம். அவர்கள் சொல்கிற மணியைத்தான் பின்பற்ற வேண்டும். ஆனால் உணவு எத்தனை மணி வரை, பால் எத்தனை மணி வரை, தண்ணீர் எத்தனை மணி வரை என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குவது பெற்றோரின் உரிமை. தப்பித் தவறி ஏதாவது உள்ளே போய்விட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவதும் அவர்கள் கடமை. ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் நஷ்டம்.

சொல்லாமல் விடுவதால் பெற்றோர் அதிகம் கலங்கும் தருணம் விழிப்பு. செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவில் தூங்கி எழும் சின்னக் குழந்தைகளில் கணிசமானோர், முழுப் பிரக்ஞை வருமுன் கத்தி, முதுகை வளைத்து, கையிலிருக்கும் ஊசியைப் பிடுங்கப் பார்ப்பார்கள். அம்மா தூக்கினால் அம்மாவையே தள்ளுவார்கள், கண் திறந்திருக்கும், அடையாளம் தெரியாது. பெரும்பாலும் கால் மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும், பிள்ளைக்கு நினைவும் இருக்காது. இது தெரிந்த அம்மா கட்டில் கம்பியில் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். தெரியாத அம்மா ‘என் புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு’ என்று வார்டையே கூட்டுவார். மயக்கம் கொடுக்கும்போதும் அப்படித்தான்: கண் மேலே சொருகும், கைகால் உதறும், குறட்டை வரும். எல்லாம் எதிர்பார்த்ததே. முதுகின் அடியில் வலிமரப்பு ஊசி போட்டிருந்தால் சில மணி நேரம் கால் தள்ளாடலாம், எழுந்து நடக்க விடக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். வீட்டுக்கு வந்த பிறகு வலியும் இப்படியே. ‘வலிக்குதா?’ என்று இரண்டு வயதிடம் கேட்டு இல்லை என்ற பதிலை நம்பி மருந்தை நிறுத்துவது தப்பு. முகச் சுளிப்பு, கால்களை மடக்குவது, நெளிவது, அழுகை, தூக்கினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்று மருத்துவமனைகளில் உண்டு. அந்த ஐந்தையும் பார்க்க அம்மாவைவிடத் தேர்ந்தவர் யார்? எடைக்கேற்ற பாராசிட்டமாலை, எழுதிக் கொடுத்த இடைவெளியில், முதல் ஓரிரு நாளாவது தவறாமல் கொடுப்பதே சரி.

கடைசி ஆட்சேபம் மருத்துவர்கள் பக்கத்திலிருந்து வரும். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற அரசு மருத்துவமனையில் இதையெல்லாம் உட்கார்ந்து விளக்க நேரம் எங்கே? நேரம் இல்லை என்பது உண்மை, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் விளக்கம் எல்லாமே மருத்துவர் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு பக்கம் தமிழில் அச்சடித்த தாளைக் கொடுக்கலாம். கட்டண மருத்துவமனைகளில் பில்லுக்கு ஐந்து பக்கம் அச்சாகிறது. அதைவிட முக்கியம், மயக்க மருத்துவரை ஆபரேஷனுக்கு முன் ஒருமுறை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று பெற்றோர் கேட்பது. அறுவை மருத்துவரின் பெயரைத் தெருவெல்லாம் விசாரித்துத் தேர்ந்தெடுக்கிறோம். பிள்ளையின் மூச்சைக் கையில் வைத்திருப்பவர் யார், குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழக்கமானவரா என்று கேட்பதில்லை. போன வாரம் சளி, காய்ச்சல் இருந்தது என்பதை அவரிடம்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ‘ஒண்ணுமில்ல, லேசா மூக்கு ஒழுகுது’ என்று அதையும் விழுங்கிவிடாதீர்கள். சளி பிடித்த சின்னக் குழந்தையின் மூச்சுக்குழல் மயக்கத்தில் சட்டென்று இறுகிக்கொள்ளும்.

ஆபரேஷன் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் போட்டு, சாப்பாடு எத்தனை மணி வரை, பால் எத்தனை மணி வரை, தண்ணீர் எத்தனை மணி வரை என்று கேட்டு, எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். எதற்காக என்பதைப் பாட்டிக்கும் உட்கார்ந்து சொல்லுங்கள்.